மரத்தோப்புக்குள் செம்மறியை அனுமதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரப்பயிர் சாகுபடி குறித்துத் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கன்றுத் தேர்வு, குழியின் அளவு, சொட்டுநீர், கவாத்து, விற்பனை என்று ஒவ்வொன்றையும் பொறுமையாக விளக்கிய அக்கட்டுரை, களை என்ற இடத்துக்கு வந்ததும் உழவு ஓட்டியோ களைக்கொல்லி தெளித்தோ கட்டுப்படுத்தலாம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டது. மரம் நட்டவனின் கையிருப்பு கரைவதே அந்த ஒரு வரிக்குள்தான். அங்கே சொல்லப்படாமல் போன மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதையும், அது நம் மண்ணுக்குப் புதியதல்ல என்பதையும் என் அனுபவத்திலிருந்து எடுத்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

திருப்பூர் மாவட்டம் மூலனூர் வட்டாரத்தில் ஆறு ஏக்கரில் மரம் வளர்த்து வருகிறேன். 2017 ஐப்பசி மழையில் மகோகனி, தேக்கு, மலைவேம்பு ஆகியவற்றை 12-க்கு 12 அடி இடைவெளியில் நட்டேன். வேலியோரத்தில் இரண்டு வரிசை சந்தனமும் உண்டு. இந்த இடைவெளியில் ஏக்கருக்கு முந்நூறு கன்றுகள் நிற்கும். முந்நூறு கன்றுகள் சேர்ந்து பிடித்துக்கொள்ளும் இடம் மிகச் சிறிது. மற்ற நிலமெல்லாம் வெயிலுக்குத் திறந்து கிடப்பதாலும், சொட்டுநீரின் ஈரம் பக்கவாட்டில் கசிவதாலும், அங்கே முதலில் குடியேறுவது களைதான். முதல் ஆண்டில் கார்த்திகை முடிவதற்குள் கோரையும் அருகும் சாரணையும் தரையை மூட, நாயுருவியும் துத்தியும் இடுப்பளவுக்கு எழுந்து, எது கன்று எது களை என்று தெரியாத நிலையை உண்டாக்கிவிட்டன. ஆட்களை வைத்து வெட்டினோம். வெட்டிய இடத்தின் முதல் வரிசையில் மறுபடியும் களை தலைகாட்டும்போது கடைசி வரிசை வெட்டி முடிந்திருக்காது. எங்கள் பக்கத்தில் களை வெட்ட ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலம் இது. கிடைத்தாலும், பத்து ஆண்டுக்குப் பிறகு வருமானம் தரப்போகிற பயிருக்கு வாரந்தோறும் கூலி கொடுத்துக்கொண்டிருக்க எந்தச் சிறு விவசாயியாலும் முடியாது.

அடுத்து, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் கருவியை ஓட்டினேன். ஓட்டிய அன்று நிலம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது உண்மை. ஆனால் கோரையின் கிழங்கும் அருகின் கொடியும் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஒரு புதுச் செடியாகக் கிளம்பியதை அடுத்த மழையில் கண்டேன். கன்றுகளின் மேல்மட்ட வேர்களும் அதே கத்தியில் அறுபட்டிருந்தன. இரண்டாம் ஆண்டுக் கோடையில் மகோகனி வரிசைகளில் இலை வாடியதற்கு அதுவே காரணம் என்று பிற்பாடுதான் விளங்கியது. மூன்றாவதாகக் களைக்கொல்லியையும் ஒரு முறை தெளித்துப் பார்த்தேன். காற்றில் விலகிய தூறல் பட்ட இளங்கன்றுகளின் நுனி சுருண்டு, அவை ஒரு பருவ வளர்ச்சியை இழந்தன. அதிகம் புழங்கிவந்த கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை, பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணிக்கு உரிமம் பெற்றவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2022 அக்டோபரில் கட்டுப்பாடு விதித்தது. அதற்கு முன்பே, 2015-இல், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்திருந்தது. இத்தனைக்குப் பிறகும் தோப்புக்களைக்குக் களைக்கொல்லியே வழி என்று எழுதுவதும் பரிந்துரைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

2020-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், எங்கள் ஊர் வழியாக ஆண்டுதோறும் மந்தை ஓட்டிவரும் பெரியவர் ஒருவர் என் வேலிக்கு வெளியே நின்று, உள்ளே கிடந்த புல்லைப் பார்த்தபடி, "இத்தனை தீனியையும் மருந்தடிச்சுக் கருக்கறீங்களே சாமி, எங்க ஆட்டுக்கு விடக்கூடாதுங்களா?" என்று கேட்டார். மரம் வைத்தவன் முதலில் செய்வது வேலி கட்டுவது. வேலி கட்டுவதே ஆட்டுக்குப் பயந்துதான். அதனால் அவர் கேட்டது எனக்கு அன்று விபரீதமாகப் பட்டது. "வெள்ளாடு மேலே பார்க்கும், செம்மறி கீழே பார்க்குமுங்க" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என் வேலிக் கதவைத் திறக்க வைத்தது.

அந்த வாக்கியத்தில் இருக்கும் வேறுபாட்டை நம்மில் பலர் மறந்துவிட்டோம். ஆடு என்ற ஒரே சொல்லில் இரண்டு உயிரினங்களையும் அடக்கிவிடுகிறோம். வெள்ளாடு தழை தின்னும் பிராணி; பின்னங்காலில் எழுந்து நின்று, ஆள் உயரக் கிளையை வளைத்து, நுனிக்கொழுந்தை முதலில் கடிக்கும். செம்மறி புல் மேயும் பிராணி. தலையைத் தாழ்த்தி, பிளந்த மேலுதட்டால் தரையோடு தரையாகப் புல்லையும் பூண்டையும் கத்தரித்துக்கொண்டே முன்னேறும். பசுமை தாராளமாகக் கிடைக்கும் காலத்தில் அது தலை நிமிர்ந்து மரத்தைப் பார்ப்பது குறைவு. மரத்தோப்புக்குள் விடத்தக்கது செம்மறி மட்டுமே. இதை நான் இழப்பின் வழியாகக் கற்றேன். முதல் ஆண்டு வந்த வேறொரு மந்தையில் ஏழெட்டு வெள்ளாடுகள் கலந்திருந்ததைக் கவனியாமல் உள்ளே விட்டுவிட்டேன். ஒரு முற்பகலுக்குள் அவை இரண்டு வரிசைச் சந்தனத்தையும் மொட்டையடித்துவிட்டன. பிழை என்னுடையது. ஆட்டுக்காரரை நொந்து பயனில்லை.

மறு ஆண்டே மேச்சேரி இனத்துச் செம்மறிகள் நாற்பதை வாங்கினேன். ஆறு ஏக்கரையும் ஆறு கட்டமாக நைலான் வலையால் தடுத்து, ஒரு கட்டத்தில் ஏழு நாள் மேயவிட்டு அடுத்ததற்கு மாற்றுகிறேன். வளர்ந்த செம்மறி ஒன்று நாளொன்றுக்கு நான்கு கிலோ அளவில் பசும்புல் தின்னும் என்று வைத்துக்கொண்டால், நாற்பது ஆடுகள் ஏழு நாளில் ஒரு டன்னுக்கு மேல் களையைத் தின்று முடிக்கின்றன. ஒரு கட்டத்தை விட்டு வெளியேறியவை அங்கே திரும்ப வருவதற்கு ஐந்து வாரம் ஆகிறது. இந்த இடைவெளி புல் துளிர்க்க மட்டுமன்று, புழுக்கையோடு விழுந்த குடற்புழுவின் முட்டைகள் பொரித்துப் புல்லில் ஏறும் இளம்புழுக்களில் பெரும்பகுதி வெயிலில் மடியவும் உதவுகிறது. எல்லா ஆட்டையும் எல்லா நிலத்திலும் ஒரேயடியாக விட்டால் அவை தமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மற்றதை விதைக்க விட்டுவிடும். சிறு கட்டத்துக்குள் நெருக்கி விடும்போது போட்டியில் எல்லாவற்றையும் கடிக்கின்றன. மேய்ச்சலின் சூட்சுமம் முழுவதும் இந்த நெருக்கத்திலும், களை பூப்பதற்கு முன்னால் விட்டுவிடுவதிலும்தான் இருக்கிறது. மழை பெய்து களை ஒரு சாண் உயரம் எழுந்ததும் விட வேண்டும். நாயுருவி கதிர் விட்ட பிறகு விட்டால் அதன் விதை ஆட்டின் உரோமத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த கட்டத்துக்கும் போய்ச் சேரும்.

எரு பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. 'ஆட்டு எரு அந்த வருடம், மாட்டு எரு மறு வருடம்' என்று நம் முன்னோர் சொல்லிவைத்திருக்கிறார்கள். உலர்ந்த ஆட்டெருவில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் தழைச்சத்தும் ஒரு பங்கு மணிச்சத்தும் இரண்டு பங்கு சாம்பல்சத்தும் உண்டு. சாதாரணத் தொழுவுரத்தில் தழைச்சத்து அரைப் பங்குதான். இரவில் மரவரிசைகளுக்கு நடுவே பட்டியடைத்து ஆடுகளைத் தங்கவைத்தால் புழுக்கையோடு மூத்திரமும் நேரே மண்ணில் இறங்குகிறது. என் தோப்பில் பட்டி கிடந்த வரிசைகளையும் கிடக்காத வரிசைகளையும் இலையின் நிறத்தைக் கொண்டே பிரித்துச் சொல்லிவிடலாம். மேய்ந்த தோப்பில் கோடையில் காய்ந்த புல் நிற்பதில்லையாதலால், பங்குனி சித்திரையில் எங்கிருந்தோ பறந்து வரும் தீப்பொறிக்குப் பயந்து இரவில் எழுந்து பார்க்கும் வேலையும் எனக்குக் குறைந்தது.

இனி, செம்மறியால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். பாதி உண்மையை மட்டும் படித்துவிட்டு ஒருவர் மந்தையைத் தோப்புக்குள் விட்டு நட்டமடைந்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும்.

கோரையைச் செம்மறி அழிக்காது. திரும்பத் திரும்பக் கடிபட்டுக் கிழங்கு இளைக்கும், அவ்வளவே. சில செடிகளை ஆடு தொடவே தொடாது. அவை எவை என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை, தமிழே பெயர் வைத்திருக்கிறது. ஆடு தொடா இலையென்பதால் அது ஆடாதொடை. ஆடு தின்னாததால் மற்றொன்று ஆடுதின்னாப்பாளை. மேய்ப்பவர்களின் கண்ணால் பார்த்து வைத்த பெயர்கள் இவை. எருக்கையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். இவற்றைவிடக் கவலை தருவது பார்த்தீனியம். 1950-களின் நடுவில் புனே பகுதியில் முதலில் கவனிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இந்த வேற்றுநாட்டுக் களையைச் செம்மறி ஒதுக்கிவிடும். பசியில் தின்றால் அதற்கே கேடு. சுற்றியுள்ள புல் மேயப்பட்டு இது மட்டும் மிஞ்சினால், அடுத்த மழையில் தோப்பு முழுவதும் இதன் ஆட்சியாகிவிடும். ஆகவே மந்தை ஒரு கட்டத்தைவிட்டு வெளியேறிய மறுநாள், ஒதுக்கப்பட்ட செடிகளைப் பூக்கும் முன் கையுறை அணிந்து பிடுங்கி எடுக்கிறோம். முன்பு பத்து ஆள் வேலையாக இருந்தது இப்போது இருவர் அரைநாளில் முடிக்கும் வேலையாகச் சுருங்கியிருக்கிறது. வேலியோரத்து உண்ணிச்செடியை மந்தை வருவதற்கு முன்பே வெட்டி அகற்ற வேண்டும். அதைத் தின்ற ஆட்டுக்குக் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்து புண்ணாகும்.

மரத்தின் வயது மிக முக்கியம். முதல் கிளை ஐந்து அடிக்கு மேல் போய், அடித்தண்டு மணிக்கட்டுப் பருமன் அடையும் வரை எந்தத் தோப்புக்குள்ளும் ஆட்டை விடக் கூடாது. மலைவேம்பு விரைந்து வளர்வதால் ஒன்றரை ஆண்டில் அந்த நிலைக்கு வந்துவிடும். தேக்குக்கும் மகோகனிக்கும் இரண்டு முதல் மூன்று ஆண்டு ஆகலாம். சந்தனத் தோப்புக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன். சந்தனம் பிற செடிகளின் வேரிலிருந்து உணவை உறிஞ்சி வாழும் மரமாதலால் அதனருகே துணைப்பயிராகத் துவரையும் அகத்தியும் வைக்கிறோம். செம்மறி அந்தத் துவரையைத் தின்று தீர்த்துவிட்டு, மெல்லிய சந்தன இலைக்கும் வாய் வைக்கும்.

பட்டை உரிப்பது இன்னொரு அபாயம். பசும்புல் இருக்கும்வரை செம்மறி மரப்பட்டையை நாடாது. 2022 மாசிக் கடைசியில், புல் தீர்ந்துபோன ஒரு கட்டத்தில் வேறு வேலையாக இருந்து மேலும் நான்கு நாள் ஆடுகளை மாற்றாமல் விட்டுவிட்டேன். பதினேழு மகோகனி மரங்களின் அடிப்பட்டையை அவை சுற்றிலும் கடித்து உரித்திருந்தன. வளையமாகப் பட்டை போன ஒன்பது மரங்கள் பட்டுவிட்டன. அன்றிலிருந்து, தரையில் விரலளவுப் புல் மிச்சமிருக்கும்போதே மந்தையை வெளியே எடுத்துவிடுவதென்றும், தாது உப்புக் கட்டியும் காய்ந்த சோளத்தட்டும் எப்போதும் பட்டியில் இருக்க வேண்டுமென்றும் ஒழுங்கு வைத்துக்கொண்டேன். கொம்புள்ள கிடாய்கள் மரத்தில் உராயும். மேச்சேரி இனத்தில் கொம்பு இல்லாதவையே மிகுதி என்பது தோப்புக்காரனுக்கு வசதி. உப்புக் கட்டி வாங்கும்போதும் ஓர் எச்சரிக்கை தேவை. மாட்டுக்கென்று தயாரித்த தாது உப்பில் இருக்கும் தாமிரத்தைச் செம்மறியின் உடல் தாங்காது. அது கல்லீரலில் மெல்லச் சேர்ந்து ஒருநாள் திடீரென்று கொன்றுவிடும். தாமிரச் சத்துள்ள போர்டோ கலவையைத் தென்னைக்கோ திராட்சைக்கோ அடிக்கும் நண்பர்கள், அடித்த நிலத்தில் செம்மறியை விடுவதற்கு முன் கால்நடை மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மழை பெய்து நிலம் சேறாக இருக்கும்போது ஆட்டை இறக்கினால் குளம்பு மிதித்து மண் இறுகும்; எங்கள் செம்மண்ணில் இரண்டு நாள் பொறுத்தால் போதும், கரிசலில் ஒரு வாரமாவது பொறுக்க வேண்டும். சீமைக்கருவேல நெற்றைத் தின்றுவிட்டு வரும் மந்தையை உடனே உள்ளே விடக் கூடாது. அதன் விதை ஆட்டின் குடலில் செரிக்காமல், முளைக்க இன்னும் ஏற்றதாக வெளிவரும். எருவோடு சேர்த்துச் சீமைக்கருவேலத்தையும் நாமே விதைத்துக்கொண்டதாகிவிடும். நான்கைந்து நாள் வேறிடத்தில் பட்டியடைத்த பிறகே வெளிமந்தையை ஏற்கிறேன். சொட்டுநீர்க் குழாய்களைத் தண்டோடு உயர்த்திக் கட்டிவிட்டால் அவற்றுக்குச் சேதமில்லை.

ஏழெட்டு ஆண்டில் மரங்களின் தலை கூடிவிட்டால் நிழலில் களையே குறைந்துபோகும். என் தோப்பில் இப்போது ஐப்பசி முதல் தை வரைதான் நாற்பது ஆட்டுக்கும் தீனி இருக்கிறது. மற்ற மாதங்களில் மேய்ச்சலுக்கு வேறு நிலம் தேடுகிறேன். செம்மறியின் பயன் மூன்றாம் ஆண்டு முதல் எட்டாம் ஆண்டு வரை உச்சத்தில் இருக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்வது நேர்மை.

இது வெளிநாட்டு விந்தையென்று எவரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பழத்தோட்டங்களிலும் கிறிஸ்துமஸ் மரப் பண்ணைகளிலும் மரத்தைக் கடிக்காத இனமென்று பெயர் பெற்ற ஷ்ரோப்ஷயர் செம்மறியை விடுகிறார்கள் என்பதும், நம்மவர் வியர்வை சிந்திய மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் மரங்களுக்கிடையே செம்மறி வளர்ப்பதை அந்நாட்டு ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம் சென்ற நூற்றாண்டிலேயே சோதித்துப் பார்த்தது என்பதும் உண்மையே. ஆனால் எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காங்கயம், தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சிப் பகுதிகளில் இருக்கும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் என்ன? சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். அதை அடைப்படைப்பாகப் பிரித்து, காங்கயம் மாட்டையும் மேச்சேரி ஆட்டையும் மாற்றி மாற்றி மேயவிட்டு, கோடையில் உதிரும் வெள்வேல நெற்றை ஆட்டுக்குத் தீனியாக்கி, ஆண்டுக்கு அறுநூறு மில்லிமீட்டர் மழையே பெய்யும் நிலத்திலிருந்து ஒரு குடும்பம் பிழைக்க வழி கண்டார்கள் நம் பாட்டன்மார். மரமும் புல்லும் செம்மறியும் ஒரே வேலிக்குள் வாழும் முறையைக் கைவசம் வைத்திருந்த நாங்கள், மகோகனி நட்டதும் அதை மறந்து களைக்கொல்லிக் கடைக்குப் போனோம். கொரங்காட்டை உழுது மனையாக விற்றதுபோல இதுவும் எங்கள் தலைமுறையின் தவறு.

இதில் நான் மிகுந்த அக்கறையோடு சொல்ல விரும்புவது ஆட்டுக்காரர்களைப் பற்றி. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 லட்சம் செம்மறிகள் இருக்கின்றன. இவற்றில் கணிசமானவை சொந்த நிலமில்லாத மேய்ப்பர்களிடம் இருப்பவை. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிக் கீதாரிகள் எனப்படும் மந்தை மேய்ப்பர்கள் அறுவடை முடிந்ததும் தஞ்சை, திருவாரூர் பக்கம் சென்று, எருவுக்காக வயல்களில் இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டு, நடவுக்கு முன் திரும்புவது தலைமுறைகளாக நடந்துவருகிறது. அவர்களுடைய வழித்தடங்களில் இன்று மனைப்பிரிவுகளும் கம்பிவேலிகளும் நிற்கின்றன. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் வனங்களில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதனைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்ற அளவுக்குச் சுருக்கியதைத் தங்கள் நாளிதழ் வாசகர்கள் அறிவார்கள். காட்டைக் காப்பது அவசியம். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் காட்டுக்குள் போகாதே, வயலுக்குள் வராதே, தோப்புக்கு வேலி போட்டிருக்கிறது என்று எல்லாப் பக்கமும் கதவடைத்தால் மேய்ப்பவர் எங்கேதான் போவார்? மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக 2026-ஐ ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அறிவித்திருக்கிறது. மரம் வளர்ப்போரின் தோப்புகளில் வீணாகக் கருக்கப்படும் புல்லை அவர்களுக்குத் திறந்துவிடுவது, விழா எடுப்பதைவிடப் பயனுள்ள மரியாதையாகும்.

திறந்துவிடுவது என்றால் புல்லுக்கு விலை கேட்பது அன்று. சில தோப்பு உரிமையாளர்கள் மேய்ச்சல் கட்டணம் கேட்பதாகக் கேள்விப்பட்டு வருந்தினேன். கிடை போடுவதற்கு நிலக்காரர் கூலி கொடுத்ததே பழைய வழக்கம். நம் களையை எடுத்து, நம் மண்ணுக்கு எருவிட்டு, இரவு முழுவதும் விழித்துக் காவல் இருப்பவருக்கு நாம்தான் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். எங்கள் பகுதியில் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் பத்து இருபது ஆடுகளைக் கடித்துக் கொல்லும் துயரம் தொடர்கிறது. கம்பிவேலியுள்ள தோப்புக்குள் பட்டியடைக்க இடம் தருவதே ஆட்டுக்காரருக்குப் பெரிய உதவி. தண்ணீர்த் தொட்டியும், மழை வந்தால் ஒதுங்க ஒரு கூரையும் கொடுத்தால் நல்ல மந்தைக்காரர் ஆண்டு தவறாமல் நம்மைத் தேடி வருவார். நாமும் அவரிடம் ஒன்று கேட்க வேண்டும்: ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டு, குடற்புழு நீக்கம் செய்த மந்தையாக இருக்க வேண்டும்.

அரசிடம் கேட்க எனக்குச் சில கோரிக்கைகள் உண்டு. தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவதற்கென 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது பசுமைத் தமிழ்நாடு இயக்கம். விளைநிலங்களில் மரம் வளர்க்கும் திட்டத்தின் கீழ் வரப்பில் நடுவோருக்கு ஏக்கருக்கு 50 கன்றும் வயல் முழுவதும் நடுவோருக்கு 160 கன்றும் இலவசமாகத் தரப்படுகின்றன. கன்று கொடுப்பதில் காட்டும் இந்த அக்கறை, அடுத்த மூன்று ஆண்டுக் களைக்கு வரும்போது இல்லை. நட்ட கன்றுகளில் பல, தண்ணீர் இருந்தும், களையில் மூழ்கி மடிவதை எங்கள் பகுதியிலேயே பார்க்கிறேன். எந்த மரத்தோப்பில் எந்த வயதில் எத்தனை செம்மறியை எத்தனை நாள் விடலாம் என்று நான் ஓர் அலுவலகத்தில் கேட்டபோது அது மரம் சம்பந்தப்பட்டது என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் அது ஆடு சம்பந்தப்பட்டது என்றார்கள். இருவரும் மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் என் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பு இருவர் மேசையிலும் இல்லை.

அந்த விடையைக் கண்டுபிடிக்கும் வசதி நம் மாநிலத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மேச்சேரிச் செம்மறி ஆராய்ச்சி நிலையம் சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இருக்கிறது. இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து விவசாயிகளின் தோப்புகளிலேயே மூன்று பருவம் சோதனை நடத்தி, மரவாரியாக ஒரு கையேடு வெளியிட வேண்டும். சவுக்கு, குமிழ், செம்மரம் போன்றவற்றில் என் போன்ற தனி விவசாயியின் அனுபவம் போதாது. இடம் மாற்றி அடிக்கும் வலைவேலியை வேளாண் கருவிகளைப் போல வட்டார அளவில் வாடகைக்குத் தர வேண்டும். பயணம் போகும் மந்தைகளுக்கு அவை தங்கியிருக்கும் ஊரிலேயே தடுப்பூசி கிடைக்கச் செய்ய வேண்டும். மரக்கன்று பெற்றவர்களின் பட்டியல் அரசிடம் இருக்கிறது; மேய்ச்சலுக்குத் தோப்பைத் திறக்க விரும்புவோரின் பெயரை அதே பட்டியலில் குறித்து, மந்தை வைத்திருப்போருக்குத் தெரியப்படுத்தினால் இருவரும் ஒருவரையொருவர் தேடி அலைய வேண்டியிராது.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்பாக இக்கடிதத்தை வெளியிட்டு உதவுமாறு தங்களைப் பணிவோடு வேண்டுகிறேன். மழைக்குப் பின் மூன்றாம் வாரத்தில்தான் தோப்புக்காரர்கள் மருந்துக் கடைக்குப் போவார்கள். அதற்குள் அவர்களில் சிலராவது ஓர் ஆட்டுக்காரரிடம் பேசியிருந்தால் நன்று.

இங்ஙனம்,
மர விவசாயி ஒருவர்,
மூலனூர் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.